விண்மீன்கள் வீசும் தூசி

வரலாறு என்றவுடன் மன்னர்களின் வரலாறும், போர்களின் வரலாறும், நாடுகள் எழுந்து வீழ்ந்த கதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் சொல்லப் புகுவதும் ஒரு வரலாறுதான். ஆனால் இது தூசியின் வரலாறு. வீட்டுத் திண்ணையில் படிந்தால் துடைப்பத்தால் தள்ளிவிடுகிறோமே, அந்தத் தூசி அன்று. விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் தூசி. அது எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு விடை காண மனிதன் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வந்திருக்கிறான். நாம் நிற்கும் பூமியே அத்தூசி திரண்டு உருவானது. ஆதலால் இக்கேள்வி நமக்குப் புறம்பானதன்று. நம்முடைய குலமுறை கிளத்தும் கேள்வி என்றே அதனைச் சொல்லலாம்.

கதையை இங்கிலாந்தில் தொடங்குவோம். வில்லியம் ஹெர்ஷல் என்பவர் இசைக்கலைஞராக இருந்து வானியலறிஞரானவர். தம் கையாலேயே தொலைநோக்கிகளைச் செய்து, தங்கை கரோலின் அருகிருந்து குறிப்பெடுக்க, இரவெல்லாம் வானத்தைப் பகுதி பகுதியாக ஆராய்ந்து வந்தார். 1785ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், விருச்சிக மண்டலத்தில் விண்மீன்களே தென்படாத இடமொன்றைக் கண்டதாக எழுதினார். சுற்றிலும் அரிசியை வாரி இறைத்தாற்போல் விண்மீன்கள். நடுவே கரிய வெளி. அதனை வானத்தில் ஏற்பட்ட ஒரு திறப்பு என்றே அவர் கருதினார். அங்கிருந்த விண்மீன்கள் பக்கத்திலுள்ள கொத்து ஒன்றில் போய்த் திரண்டிருக்கலாம் என்பது அவர் கூறிய காரணம்.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1857இல் பிறந்த எட்வர்டு எமர்சன் பார்னார்டு, தந்தையை அறியாதவர். வறுமை காரணமாகப் பள்ளிக்குச் செல்லும் வயதிலேயே ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்குக் கற்ற தொழிலே அவருக்குக் கை கொடுத்தது. பிற்காலத்தில் அவர் வான் நோக்ககங்களில் அமர்ந்து பால்வழியை மணிக்கணக்கில் படம் பிடித்தார். அப்படங்களில் கரிய திட்டுகளும், கரிய ஆறுகளும், கரிய கால்வாய்களும் தென்பட்டன. இவை வெற்றிடங்களா, அன்றி ஒளியை மறைக்கும் பொருள்களா? முதலில் தயங்கிய பார்னார்டு, இவற்றுள் பல மறைக்கும் பொருள்களே என்னும் முடிவுக்கு மெல்ல மெல்ல வந்தார். 1919இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இத்தகைய கரிய திட்டுகள் 182 இடம்பெற்றன.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், இப்பாடத்தைக் கேட்ட மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சுவரில் உள்ள துளையையும் சுவரில் தொங்கும் கரிய திரையையும் தொட்டுப் பாராமல் எப்படிப் பிரித்தறிவது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு ஐயத்திற்கிடமின்றி விடை தந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இராபர்ட் டிரம்ப்ளர். மார்கழி மாதத்து மூடுபனியில் தெருவிளக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அருகிலுள்ள விளக்கு தெளிவாகத் தெரியும்; தொலைவிலுள்ள விளக்கோ, தொலைவுக்குரிய அளவைவிட மிகுதியாக மங்கியிருக்கும். விண்மீன் கொத்துகளிலும் அவ்வாறே நிகழ்கிறது என்பதை 1930இல் டிரம்ப்ளர் காட்டினார். கொத்துகளின் பருமனைக் கொண்டு அவற்றின் தொலைவைக் கணித்தார். அத்தொலைவுக்குரிய ஒளியைவிடக் குறைவான ஒளியே அவற்றிலிருந்து வருவதைக் கண்டார். வழியில் ஏதோ ஒன்று ஒளியை உண்கிறது. ஹெர்ஷல் கண்டது துளையன்று, திரையே.

அத்திரை எதனால் ஆனது? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றினும் சிறிய திண்மத் துகள்களால் ஆனது. சில துகள்கள் கல்லும் மணலும் போலச் சிலிக்கனும் ஆக்சிஜனும் உலோகங்களும் சேர்ந்தவை. வேறு சில கரியால் ஆனவை. விண்மீன்களுக்கிடையே உள்ள வாயுவின் எடையோடு ஒப்பிட்டால் இத்தூசி ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். எனினும் அதன் பணி பெரிது. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறாவது இத்துகள்களின் மேற்பரப்பில்தான். புதிய விண்மீன்கள் பிறக்கும் முகில்களைக் கொடிய கதிர்களிலிருந்து காக்கும் போர்வையும் இதுவே. இறுதியில் பாறையாகத் திரண்டு கோள்களாவதும் இதுவே.

இனி நம் கேள்விக்கு வருவோம். இத்தூசி எங்கே உண்டாகிறது?

மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூண்டில் கரி படிவதை உங்கள் பாட்டிமார் நன்கு அறிவர். சுடரில் ஆவியாக இருக்கும் கரி, மேலெழுந்து குளிரும்போது துகளாகிறது. விண்மீனிலும் அதே விதிதான். அங்கே இரண்டு நிபந்தனைகள் பொருந்த வேண்டும். வாயு குளிர வேண்டும். ஏறத்தாழ 1,200 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால்தான் துகள் நிலைக்கும். அவ்வாறு குளிரும்போது வாயு அடர்த்தியாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் அணுக்கள் ஒன்றையொன்று சந்திக்க வாய்ப்பின்றிச் சிதறிவிடும். கூட்டமும் குளிர்ச்சியும் ஒருங்கே அமையும் இடமே தூசியின் பிறப்பிடம்.

இந்த இரண்டும் முதுமையடைந்த செந்நிற விண்மீன்களில் அமைகின்றன. சூரியனைப் போன்ற எடையுடைய விண்மீன் தன் இறுதிக் காலத்தில் பெரிதும் விரிந்து, மேற்பரப்பு குளிர்ந்து, தன் வாயுவை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. கொழும்பில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, கேம்பிரிட்ஜ் சென்ற சந்திரா விக்கிரமசிங்க, தம் ஆசான் பிரெட் ஹாயிலுடன் சேர்ந்து 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கரி மிகுந்த குளிர்ந்த விண்மீன்களின் வளிமண்டலத்தில் காரீயத் துகள்கள் உருவாகி வெளியேறக்கூடும் என்பது அவர்கள் கருத்து. 1960களின் இறுதியில் அகச்சிவப்புக் கதிர்களை அளக்கும் கருவிகள் வந்தபோது, குளிர்ந்த விண்மீன்கள் பலவற்றைச் சூழ்ந்து கல்தூசி இருப்பதற்கான அடையாளமும் கிடைத்தது.

அமைதியாக மூப்படையும் விண்மீன்கள் தூசியை உண்டாக்குகின்றன என்பது இவ்வாறு நிலைபெற்றது. ஆனால் விண்மீன்கள் யாவும் அமைதியாக மூப்படைவதில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணத்தின்போதே அவர் ஒரு கணக்கைத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குள்ளனாக நிலைத்திருக்க வேண்டுமானால், அதன் எடை ஓர் எல்லையைக் கடக்கக் கூடாது என்பது அக்கணக்கின் முடிவு. அவ்வெல்லை சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று வழங்குகிறோம். எடை மிகுந்த மையத்தையுடைய விண்மீனுக்கு அமைதியான முடிவு இல்லை என்பதே இதன் பொருள். அவ்வறிஞருக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது.

எடை மிகுந்த விண்மீனின் துன்பம் இறுதி நாளில் மட்டும் தொடங்குவதன்று. ஒளிக்கும் தள்ளும் ஆற்றல் உண்டு. விண்மீனின் ஈர்ப்பு அதன் வாயுவை உள்ளே இழுக்கிறது. உள்ளிருந்து எழும் ஒளி அதனை வெளியே தள்ளுகிறது. ஒளி ஓரளவுக்குமேல் மிகுந்தால் விண்மீன் தன்னைத் தானே கட்டிவைத்துக்கொள்ள இயலாது என்பதை ஆர்தர் எடிங்டன் விளக்கினார். சூரியனைப் போல் ஐம்பது மடங்கு, நூறு மடங்கு எடையுள்ள விண்மீன்கள் இவ்வெல்லையின் விளிம்பிலேயே வாழ்கின்றன. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப்போல, அவை அவ்வப்போது பொங்கித் தம் மேலடுக்குகளை வெளியே கொட்டிவிடுகின்றன.

இதற்குத் தலைசிறந்த சான்று தென்வானிலுள்ள ஈட்டா கரீனா என்னும் விண்மீன். நம் முன்னோர் அகத்தியர் என்று வணங்கிய விண்மீன் இருக்கும் அதே கரீனா மண்டலத்தில் அது உள்ளது. தொலைவு ஏறத்தாழ 7,500 ஒளியாண்டு. எட்மண்டு ஹாலி 1677இல் செயிண்ட் ஹெலினாத் தீவிலிருந்து தென்வானை ஆராய்ந்தபோது, அதனை நான்காம் தர ஒளியுடைய விண்மீனாகக் குறித்து வைத்தார். பின்னர் அது ஒளி மிகுந்தும் குறைந்தும் வந்தது. வில்லியம் ஹெர்ஷலின் மகனான ஜான் ஹெர்ஷல் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானை ஆராய்ந்து வந்தார். 1837 டிசம்பரில் ஓரிரவு, தாம் நன்கு பழகியிருந்த அவ்விண்மீன் திடீரென்று பேரொளியுடன் விளங்குவதைக் கண்டார். 1843இல் அது அகத்தியரையும் விஞ்சி, வானத்து விண்மீன்களுள் சிரியசுக்கு மட்டுமே இரண்டாவதாக நின்றது.

அதன்பின் அது மங்கத் தொடங்கிற்று. 1850களின் இறுதியில் விரைந்து மங்கி, 1870ஐ நெருங்குகையில் வெறுங்கண்ணுக்கு மறைந்தே போயிற்று. விண்மீன் அணைந்துவிட்டதா? பல ஆண்டுகள் இக்கேள்வி நின்றது. 1940களில் அர்ஜென்டினா நாட்டு வானியலறிஞர் என்ரிக்கே கவியோலா அதனைச் சூழ்ந்துள்ள சிறு முகிலைப் படம் பிடித்து ஆராய்ந்தார். தலையும் உடலும் கைகளும் உடைய சிற்றுருவம்போல் அது தோன்றியதால், ‘குட்டி மனிதன்’ என்னும் பொருள்பட ஹோமங்குலஸ் என்று பெயரிட்டார். அம்முகில் விரிந்துகொண்டே இருக்கிறது. விரியும் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், 1840களின் பெரும் பொங்கலில் வெளியேறிய பொருளே அது என்பது விளங்குகிறது.

1968இலும் அடுத்த ஆண்டிலும் ஜெர்ரி நியூகபாவர், ஜேம்ஸ் வெஸ்ட்பால் என்னும் இரு அறிஞர்கள் அகச்சிவப்புக் கதிரில் அதனை அளந்த முடிவுகளை வெளியிட்டனர். மறைந்துவிட்டதாகத் தோன்றிய விண்மீன், அக்கதிரில், சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள எல்லாவற்றினும் ஒளி மிக்கதாக விளங்கிற்று! அது அணையவில்லை, தான் வீசிய தூசிக்குள் தானே முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. தூசி அதன் ஒளியை உண்டு சூடேறி, அச்சூட்டை அகச்சிவப்புக் கதிராக வெளியிட்டது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஹோமங்குலஸ் முகிலின் எடை சூரியனைப் போல் பத்து மடங்குக்கு மேல் என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். அதில் நூற்றில் ஒரு பங்கு தூசி என்று கொள்ளுங்கள். சூரியனின் எடை பூமியைப் போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. பெருக்கிப் பாருங்கள், முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பூமிகளைச் செய்வதற்குரிய தூசியை, ஒரு விண்மீன் சில ஆண்டுகளில் வெளியே கொட்டியிருக்கிறது.

இதில் ஒரு புதிரும் உண்டு. இத்தகைய விண்மீனின் மேற்பரப்பு வெப்பம் கொடியது. அதன் புறஊதாக் கதிர்கள் துகள்களை உருவாக விடாமல் சிதைக்க வல்லவை. அடுப்பின் நடுவே பனிக்கட்டி உறைவது எங்ஙனம்? விடை அதன் பொங்கலிலேயே உள்ளது. பெருமளவு வாயு ஒரே சமயத்தில் வெளியேறுவதால், முன்னே செல்லும் அடர்ந்த வாயுவுக்குப் பின்னே வரும் வாயுவே நிழலாகிறது. அந்நிழலில் கூட்டமும் குளிர்ச்சியும் சேர்கின்றன; தூசி பிறக்கிறது. மெல்லிய காற்றாக வாயு கசிந்தால் பிறவாத தூசி, பெரும் பொங்கலில் பிறக்கிறது. நிலையற்ற தன்மையே இங்குத் தூசிக்குத் தாயாகிறது.

ஒரே ஒரு விண்மீனைக் கொண்டு பொது விதி வகுத்தல் அறிவியலாகாது. ஒத்த விண்மீன்கள் வேறு உண்டா என்று தேட வேண்டும். நாமோ பால்வழியின் தூசிக்குள்ளேயே வாழ்கிறோம். காட்டுக்குள் நிற்பவனுக்கு அருகிலுள்ள மரங்களே தென்படும். எதிர்மலையில் நின்றால் காடு முழுவதும் தெரியும். ஆகவே அறிஞர்கள் அண்டையிலுள்ள மண்டலங்களை நோக்கினர். அங்குள்ள விண்மீன்கள் யாவும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், எது பெரிது, எது சிறிது என்று ஒப்பிடுவதும் எளிது.

எட்வின் ஹப்பிளும் ஆலன் சாண்டேஜும் 1953இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் வழிகாட்டியது. ஹப்பிள் காலமானதும் அதே ஆண்டில்தான். ஆண்டிரோமிடா மண்டலத்திலும், முக்கோண மண்டலம் எனப்படும் எம் 33 மண்டலத்திலும், ஒளி ஒழுங்கின்றி ஏறி இறங்கும் மாபெரும் விண்மீன்கள் ஐந்தை அவர்கள் விவரித்தனர். அம்மண்டலங்கள் இரண்டும் 25 இலட்சம் முதல் 30 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளவை. பல பத்தாண்டுகளாக எடுத்துப் பாதுகாத்து வைத்த கண்ணாடித் தட்டுப் படங்களே அவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாயின. மாணவர்களே, இதைக் கருத்தில் வையுங்கள்: 1920களில் படம் எடுத்தவருக்கு அதன் முழுப் பயன் தெரியாது, 1950களில் அதனை எடுத்து ஒப்பிட்டவருக்கே தெரிந்தது.

அவ்வைந்தனுள் ‘மாறுவிண்மீன் ஏ’ என்று பெயர் பெற்றது எம் 33இல் உள்ளது. 1950இல் அது அம்மண்டலத்தின் மிக ஒளிமிக்க விண்மீன்களுள் ஒன்றாய் இருந்தது. பின்னர் ஓராண்டுக்குள் திடீரென்று மங்கிவிட்டது. 1980களில் இராபர்ட்டா ஹம்ப்ரீசும் அவருடைய தோழர்களும் அதனை அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தபோது, அங்கும் கல்தூசியின் அடையாளம் தென்பட்டது. கண்ணுக்குத் தெரியாத கதிர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், விண்மீனின் மொத்த ஆற்றல் அக்காலத்தில் அதிகம் குறைந்திருக்கவில்லை. ஈட்டா கரீனாவின் கதையே அங்கும் நடந்திருந்தது.

ஏறத்தாழ ஒரு கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்.ஜி.சி. 2403 என்னும் மண்டலத்தில் 1954இல் ஒரு விண்மீன் பொங்கி எழுந்தது. அதனை டாம்மனும் சாண்டேஜும் 1968இல் விவரித்தனர். விண்மீன் வெடித்துச் சிதறும் நிகழ்ச்சியை சூப்பர்நோவா என்கிறோம். இதுவும் அவ்வகையே என்று கருதி அதற்கு 1954ஜே எனச் சூப்பர்நோவா எண்ணும் கொடுத்தனர். ஆனால் அரை நூற்றாண்டு கழித்துப் பார்த்தபோது, அவ்விண்மீன் உயிரோடு இருக்கக் கண்டனர். தூசிப் போர்வைக்குள் செம்மை படர்ந்து மங்கலாய் இருந்தது. இத்தகைய விண்மீன்களுக்கு 1984இல் பீட்டர் கான்டி ‘ஒளிமிக்க நீல மாறுவிண்மீன்’ என்று பொதுப்பெயர் இட்டார். பெரிய மெகல்லன் முகிலில் உள்ள எஸ் டொராடஸ் என்னும் விண்மீன் இவ்வினத்துக்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது.

இவை பொங்கியும் பிழைத்தவை. வெடித்து மடிபவை எவ்வளவு தூசி தருகின்றன? சூப்பர்நோவாவின் சிதறல்களிலும் தூசி உண்டாகலாம் என்று ஹாயிலும் விக்கிரமசிங்கவும் 1970இலேயே எழுதியிருந்தனர். அதனைச் சோதிக்க அருகில் ஒரு விண்மீன் வெடிக்க வேண்டுமே! தொலைநோக்கி பிறந்த காலத்திலிருந்து அத்தனை அருகில் வெடிப்பு எதுவும் நன்கு ஆராயப்படவில்லை.

அவ்வாய்ப்பு 1987 பிப்ரவரி 24ஆம் நாள் வந்தது. சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் பணியாற்றிய இயான் ஷெல்டன், தாம் எடுத்த படத்தில் புதிய ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். நமக்கு அண்டையிலுள்ள பெரிய மெகல்லன் முகிலில், 1,60,000 ஒளியாண்டுக்கும் சற்று மிகுந்த தொலைவில், ஒரு நீலப் பெருவிண்மீன் வெடித்திருந்தது. சூப்பர்நோவா 1987ஏ என்று அதற்குப் பெயர். உலகின் தென்பாதியிலுள்ள நோக்ககங்கள் எல்லாம் அப்பக்கம் திரும்பின. நம் தமிழகத்தில் சவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் நோக்ககத்தினரும், தெற்கே தொடுவானுக்குச் சற்றே மேலே தோன்றிய அவ்வொளியைப் பிடித்து நிறமாலையைப் பதிவு செய்தனர்.

வெடித்து ஏறத்தாழ 500 நாட்கள் சென்றபின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளி எதிர்பார்த்ததைவிட விரைந்து மங்கிற்று. அகச்சிவப்புக் கதிர் ஓங்கிற்று. நிறமாலையின் கோடுகளும் நீலப்பக்கம் சாய்ந்தன. நம்மை விட்டு அகலும் பின்புறத்து வாயுவின் ஒளியை நடுவே ஏதோ ஒன்று மறைத்தால்தான் அவ்வாறு சாயும். சிதறல்களுக்கு உள்ளேயே தூசி பிறந்துகொண்டிருந்தது! மனிதன் கண்ணெதிரே, நாட்கணக்குப் பார்த்துத் தூசி பிறந்ததைக் கண்ட நிகழ்ச்சி இது. ஆயினும் அப்போது அளந்த தூசி மிகக் குறைவே. சூரியனின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறுமா என்னும் அளவே. இவ்வளவு சிறிதளவு தூசியைக் கொண்டு ஒரு மண்டலத்தை நிரப்ப முடியாதே என்று பலரும் சோர்ந்தனர்.

இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2011இல், மிகாக்கோ மட்சுரா என்னும் பெண்ணறிஞரும் அவருடைய குழுவினரும் வேறு விடை தந்தனர். முன்னர் அளந்தது சூடான தூசியை மட்டுமே. குளிர்ந்த தூசியின் கதிர் நீண்ட அலைகளாக வருவது. அதனைப் பூமியின் காற்று மண்டலம் மறைத்துவிடும். 2009இல் விண்ணில் ஏவப்பட்ட ஐரோப்பியத் தொலைநோக்கி ஒன்று அக்கதிரைப் பிடித்தது. 1987ஏ-யின் சிதறல்களில் சூரியன் எடையில் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மடங்கு வரை குளிர்ந்த தூசி இருப்பதாகக் கணக்கிட்டனர். பாதிச் சூரியன் என்றே கொண்டாலும் ஒன்றரை இலட்சம் பூமிகளுக்கு மேல்! சிலி நாட்டுப் பாலைவனத்தில் நிறுவிய ஆல்மா வானலைத் தொலைநோக்கிகள், அத்தூசி வெடிப்பின் நடுவிலேயே உள்ளது என்பதை 2014இல் உறுதி செய்தன.

அந்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் என்ன தெரியுமா? ஹெர்ஷல். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை, வெப்பமானியைக் கொண்டு 1800இல் முதன்முதல் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷலே. எந்தத் தூசியை அவர் வெற்றிடம் என்று எண்ணினாரோ, அதே தூசியை அவர் கண்ட கதிரே காட்டிக்கொடுத்தது.

இந்த ஆராய்ச்சியால் ஆகும் பயன் என்ன என்று கேட்பீர்கள். 2003இல் ஓர் அதிசயச் செய்தி வந்தது. பிரபஞ்சம் தோன்றி 100 கோடி ஆண்டு நிறைவதற்குள் இருந்த தொலைதூர மண்டலம் ஒன்றில், பத்துக் கோடிச் சூரியன்களின் எடைக்குக் குறையாத தூசி இருப்பதாக அளந்தனர். சூரியனைப் போன்ற விண்மீன் மூப்படைய ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு வேண்டும். அமைதியாக முதிரும் விண்மீன்களுள் பெரும்பாலானவை அக்காலத்தில் இளமையையே தாண்டியிரா. சூரியனைப் போல் இருபது மடங்கு எடையுள்ள விண்மீனோ ஒரு கோடி ஆண்டுக்குள் வாழ்ந்து முடிந்துவிடும். ஆகவே பிரபஞ்சத்தின் முதல் தூசிக்கு எடை மிகுந்த, அவசரமாய் வாழ்ந்து அவசரமாய் மடிந்த விண்மீன்களையே நோக்க வேண்டியதாயிற்று. அண்டை மண்டலங்களில் நாம் கண்டறிந்த விதிகளே தொலைமண்டலங்களை அளக்கும் முழக்கோலாயின.

வெடிப்பில் பிறந்த தூசி யாவும் பிழைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சிதறல்கள் சுற்றியுள்ள வாயுவோடு மோதும்போது எழும் அதிர்ச்சி அலை உட்புறம் திரும்பி, பிறந்த துகள்களில் பலவற்றை அரைத்துவிடும். எவ்வளவு மிஞ்சும் என்பதை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். ஆனால் சில துகள்கள் பிழைத்து வந்தன என்பதற்கு நம் கையிலேயே சான்று உண்டு. 1969 செப்டம்பர் 28ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல் ஒன்று விழுந்தது. சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான சிலிக்கன் கார்பைடுத் துகள்களை அறிஞர்கள் அதனுள்ளிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை அமைதியாக முதிர்ந்த விண்மீன்களில் பிறந்தவை. நூற்றில் ஒன்றளவு மட்டும் வேறு வகை. விண்மீன் வெடிப்பில் தோன்றி, ஏறத்தாழ அறுபது ஆண்டில் பாதி அழிந்துபோகும் ஒருவகை டைட்டானியத்தின் சுவடு அவற்றில் இருந்தது. அவை வெடிப்பின் குழந்தைகள் என்பதற்கு இதைவிட வேறு முத்திரை வேண்டா. சாந்தமான விண்மீன்களும் சீற்றம் கொண்ட விண்மீன்களும் சேர்ந்தே நம் பூமிக்கு மண் தந்திருக்கின்றன.

நம்மவர் நன்கறிந்த திருவாதிரை நட்சத்திரமும் எடை மிகுந்த செந்நிறப் பெருவிண்மீனே. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. பின் சில மாதங்களில் மீண்டது. அவ்விண்மீன் வாயுத் திரளொன்றை வெளியே வீசிற்று. அது குளிர்ந்து தூசியாகி நம் பார்வையை மறைத்தது என்று 2021இல் அறிஞர்கள் விளக்கினர். கருவி எதுவும் இல்லாத சிற்றூர் மாணவனும் அந்த மார்கழியிலும் தையிலும் அம்மாற்றத்தைத் தன் கண்ணாலேயே கண்டிருக்கலாம்.

மாணவ மாணவியரே! இவ்வரலாற்றில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஒன்று உண்டு. ஹாலி ஒரு விண்மீனின் ஒளியை எழுதி வைத்தார். அதனால்தான் ஜான் ஹெர்ஷலின் காலத்தில் மாற்றம் மாற்றமாகத் தெரிந்தது. பெயர் தெரியாத பலர் கண்ணாடித் தட்டுகளைப் பாதுகாத்தனர்; அதனால்தான் அண்டை மண்டலங்களின் நிலையற்ற விண்மீன்கள் அகப்பட்டன. முதல் அளவில் தூசி குறைவாகக் கிடைத்தபோது, ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்தது. கண்டதைக் கண்டபடி எழுதிவைப்பதும், எழுதியதைப் பேணிக் காப்பதும், அடுத்த தலைமுறைக்கு நாம் செய்யும் கடமைகள். உங்கள் செயல்முறைக் குறிப்பேட்டில் அளவு ஒத்துவரவில்லை என்றால், அதனை அழித்துவிட்டு நண்பனின் அளவை எழுதாதீர்கள். ஒத்துவராத அளவுகளிலிருந்தே அறிவு வளர்ந்திருக்கிறது.

சித்திரை மாதத்தில் முகிலில்லாத முன்னிரவு ஒன்றில், ஊரின் விளக்குகளை விட்டு விலகித் தெற்கு நோக்கி நில்லுங்கள். கன்னியாகுமரிக் கரையில் நிற்கும் பேறு வாய்த்தால் இன்னும் நன்று. தென்சிலுவை மண்டலத்துக்கு மேற்கே, தாழ்வாக, ஒரு மங்கிய விண்மீன் தென்படும். அதுதான் ஈட்டா கரீனா. அது தன்னைச் சுற்றி வீசிய தூசி இன்னும் விரிந்து சென்றுகொண்டே இருக்கிறது. நெடுங்காலம் கழித்து வேறொரு முகிலோடு அது கலக்கும். அம்முகிலில் வேறொரு சூரியன் பிறக்கலாம். உங்கள் காலடியில் உள்ள மண்ணும் ஒரு காலத்தில் அவ்வழியே வந்ததுதான்.